முகாமில் நான் பின்னிய சடை

"தலை பின்னிக்குவீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று விறைப்பாக எழுந்து நின்றது.

"பின்னிக்குவேன் சார்."

"எங்கே, பின்னிக் காட்டுங்க."

கேட்க வேண்டுமா! கொண்டையை அவிழ்த்தேன். முடியை இடது தோள் வழியாக முன்னால் இழுத்துப் போட்டு மூன்றாகப் பிரித்தேன். ஒரு பிரி பல்லுக்கிடையில். ஒரு பிரி வலது கையின் மடங்கிப்போன விரல்களுக்கு நடுவில். ஒரு பிரி இடது கையில். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. நுனிவரை பின்னி, ரப்பர் பேண்ட் போட்டு, சடையை முதுகுப் பக்கம் தூக்கி எறிந்தேன்.

வரிசையில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா "அடேங்கப்பா!" என்றார். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்து ஒரு சட்டையைக் கொடுத்துப் பொத்தான் போடச் சொன்னார், போட்டேன். டம்ளரில் தண்ணீர் குடிக்கச் சொன்னார், குடித்தேன். பேனா பிடித்துப் பெயர் எழுதச் சொன்னார், கையெழுத்து முத்து முத்தாக வந்தது.

அவரும் ஏதோ எழுதினார். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அந்த வேளையில்தான். ஆனால் அப்போது எனக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!

ட்ரையல் என்று ஒன்று உண்டு

போன வாரம் என் கை மெஷினில் மாட்டிய கதையைச் சொன்னேன். அதைப் படிக்காதவர்களுக்கு இரண்டே வரி: அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் அடிக்கும் ஒரு சின்ன கம்பெனியில் ப்ரெஸ் ஓட்டினேன். ஒரு மதியம் வலது கை உள்ளே போயிற்று. விரல்கள் எல்லாம் பிழைத்துக்கொண்டன, ஆனால் மூன்று விரல் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. கட்டைவிரல் பாதி தூரம் வரும், பிறகு நின்று யோசிக்கும்.

எஸ்டேட்டில் வேலை கேட்டுப் போனால் படிப்பு, ஜாதகம் எதுவும் கேட்க மாட்டார்கள். "ட்ரையல் காட்டு" என்பார்கள். சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். மெஷின் முன்னால் பத்து நிமிடம் நீ யார் என்று காட்ட வேண்டும். பிடித்திருந்தால் மறுநாள் காலை ஷிஃப்ட், இல்லையென்றால் கேட்டுக்கு வெளியே டீக்கடை.

கை போன பிறகு நான் அப்படி நான்கைந்து ட்ரையல் கொடுத்திருக்கிறேன். வலது கையில் கர்ச்சீப்பைச் சுற்றிக்கொள்வேன், ஏதோ சின்னக் காயம் மாதிரி. "கையில இன்னாம்மா?" என்று கேட்டால் "வாழக்கா அரியச் சொல்ல அறுத்துக்கினேன் சார்" என்பேன். அதற்குள் டப்பாவில் ஐம்பது வாஷர் எண்ணிப் போட்டு மூடியிருப்பேன். ஒரு ட்ரையலிலும் நான் தோற்றதில்லை. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது, என்ன செய்ய!

ஆக, பேனாவும் பேப்பருமாக ஒருத்தர் எதிரில் உட்கார்ந்து "செய்து காட்டுங்க" என்றால், என் உடம்புக்கு அது ஒன்றுதான் தெரியும்.

நீல ஷட்டர்

சரி, இத்தனை நாளும் மாற்றுத்திறனாளி அட்டை வேண்டாம் என்று இருந்தவள் இப்போது ஏன் மருத்துவ முகாமுக்குப் போனேன்?

கடைசியாக நான் பேக்கிங் வேலை பார்த்த கம்பெனி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இடம் மாறிப் போய்விட்டது. நாற்பத்தெட்டு வயதில் யார் எனக்கு ட்ரையல் வைப்பார்கள்? வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களில் என் வீட்டுக்காரர் ஏழுமலையின் உயிரை எடுத்தேன். அவர் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவர், வாய் பேசாத மனிதர். எனக்கும் சேர்த்துப் பேசாமல் இருப்பார்.

அவர்தான் ஒரு நாள் சொன்னார், பஸ் ஸ்டாண்ட் பக்கம் புதிதாகக் கட்டிய வளாகத்தில் ஒரு கடையை மாற்றுத்திறனாளிக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள், நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது என்று.

போய்ப் பார்த்தேன். பத்துக்குப் பத்து. நீல ஷட்டர். எதிரில் பஸ் நிறுத்தம், பக்கத்தில் ட்யூஷன் சென்டர். பிள்ளைகள் பசியோடு வெளியே வருவார்கள். கடலை மிட்டாய், முறுக்கு, எள்ளுருண்டை, தேன் மிட்டாய் எல்லாம் பாட்டில் பாட்டிலாக எனக்குக் கண் முன்னால் வரிசை கட்டி நின்றன. ஆசை என்றால் அப்படி ஒரு ஆசை. அந்த மாதம் முழுக்கக் காய்கறி வாங்கப் போகும் சாக்கில் தினமும் அந்த ஷட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மாத முடிவு வெள்ளிக்கிழமைக்குள் அடையாள அட்டையோ மருத்துவச் சான்றோ வைத்து விண்ணப்பிக்க வேண்டும். முகாமுக்குப் பறந்து போனது அதற்குத்தான்.

பாஸ் பண்ணிவிட்டேன்!

முகாமில் கொடுத்த தாளில் 35 என்று போட்டிருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தாவதில் கணக்கில் இருபத்தெட்டு வாங்கி நின்றவள் நான். முப்பத்தைந்து என்றால் பாஸ் என்பது இந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். வரும் வழியில் ஸ்டேஷன் வாசலில் ஜிலேபி வாங்கினேன். ஏழுமலை வேனை நிறுத்திவிட்டு வந்ததும் வாயில் ஒன்றைத் திணித்தேன்.

"கரெக்டா முப்பத்தஞ்சு. ஜஸ்ட் பாஸ்!" என்றேன்.

"அப்ப கடை நம்மளுதா?"

"பின்ன?"

மிச்ச ஜிலேபியை எடுத்துக்கொண்டு மறுநாள் மும்தாஜ் கடைக்குப் போனேன். ஆவடியில் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். பூந்தமல்லியிலிருந்து மூன்று சக்கர ஸ்கூட்டரில் தினமும் வருவாள். சின்ன வயதிலேயே இரண்டு காலும் நடக்க வராமல் போனவள். என்னைவிடப் பத்து வயது இளையவள், வாய் மட்டும் என்னைவிடப் பத்து வயது மூத்தது. மனு எழுத, ஸ்கேன் பண்ண, எல்லோரும் அவளிடம்தான் போவோம்.

ஜிலேபியைக் கடித்துக்கொண்டே தாளை வாங்கிப் பார்த்தாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"இன்னாக்கா இது?"

"முப்பத்தஞ்சு. பாஸ்."

"இது இன்னா பரீட்சையா பாஸாவறதுக்கு? நாப்பது சதவீதம் இருந்தாத்தான் அட்டையே செல்லும். முப்பத்தஞ்சை வெச்சிகினு ஊட்ல விசிறிக்கலாம்."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. என்ன நடந்தது என்று கேட்டாள். சடை பின்னியதை, பொத்தான் போட்டதை எல்லாம் சொன்னேன். அந்த நிலையிலும், வெட்கக்கேடு, கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

மும்தாஜ் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நீ டாக்டராண்ட கைய காட்டப் போனியா, வித்தை காட்டப் போனியா?"

யார் நடித்தது?

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நமக்குத்தான் மூக்குக்கு மேலே வருமே!

"அதுக்காக முடியாத மாதிரி நடிக்கச் சொல்றியா? அந்தப் பொழப்பு எனக்கு வேணாம்!"

"நடிக்காதேன்னுதான் சொல்றேன். அன்னிக்கு நடிச்சது நீதான். ஊட்ல தெனம் இப்டித்தான் அர நிமிசத்துல பின்னிக்குவியா?"

வீட்டில் நான் கொண்டைதான் போடுவேன்.

"பின்னி முடிச்சதும் கை எப்டி இருந்துச்சி?"

வலது கையை மேசைக்குக் கீழே இறக்கினேன். அன்று திரும்பி வரும்போது இடது கையில் ஜிலேபிப் பொட்டலம் இருக்க, ரயிலில் வலது கையால் கம்பியைப் பிடிக்க முடியாமல், கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு, முழங்கையால் கதவோரம் முட்டுக் கொடுத்து நின்று வந்தேன். ராத்திரி சோறு ஸ்பூனில்தான்.

"அதை டாக்டர் பாக்கல. நீ பாக்க வுடல," என்றாள் மும்தாஜ். "பழைய பேப்பர் எதாச்சும் எடுத்துகினு போனியா? எக்ஸ்ரே, ஆஸ்பத்திரி சீட்டு?"

"கையே இருக்கே, பேப்பர் எதுக்கு?"

"நல்லா கேட்ட போ!"

ஆனால் அவள் அதோடு விடவில்லை. அங்கேயே மறுபரிசோதனைக்கு மனு எழுதினாள். என் தொலைபேசி எண்ணுக்குக் கீழே தன் கடை எண்ணையும் எழுதினாள். விபத்து நடந்தபோது சேர்த்த ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் வாங்கி வா, புது எக்ஸ்ரே எடு, நரம்பு டெஸ்ட் எடு, எல்லாவற்றிலும் மூன்று காப்பி, தேதிவாரியாக ஒரே ஃபைலில் வை என்று அடுக்கினாள். ஒரு தாள் குறைந்தாலும் ஃபைல் திரும்பி வரும், திரும்பி வந்த ஃபைல் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்கும் என்றாள். கடைசியாக, கை எதை எதைச் செய்யவில்லை என்று ஒரு வாரம் நோட்டில் எழுதச் சொன்னாள்.

"செய்றத எழுதாத. செய்யாதத எழுது."

ஊறுகாய் பாட்டில்

ஆஸ்பத்திரி பேப்பருக்கு நான்கு நாள் அலைந்தேன். அது பெரிதில்லை. அந்த நோட்டுதான் என்னைப் படுத்திவிட்டது. மூன்று நாளில் மூன்று வரி எழுதினேன். "கடிகாரம் கட்ட வராது. ரயில் கம்பி பிடிக்க வராது. பின்னால் ஹூக் போட வராது." அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் செய்துகொண்டுதானே இருக்கிறேன்!

சாயங்காலம் ஏழுமலை அந்த நோட்டை எடுத்துப் படித்தார். தொண்டையைச் செருமினார்.

"மூடி எழுதலியே?"

"எந்த மூடி?"

"பாட்டில் மூடி."

"மூடியெல்லாம் நான் தொறப்பேன்யா."

அவர் அடுப்படிக்குப் போய் ஊறுகாய் பாட்டிலை எடுத்து வந்தார். என் முன்னாலேயே இறுக்கித் திருகி என் கையில் கொடுத்தார். நான் திருகினேன். வழுக்கியது. முந்தானையால் பிடித்துத் திருகினேன். தொடையிடுக்கில் வைத்துத் திருகினேன். மூச்சு வாங்கியது. மூடி அசையவே இல்லை.

"காலைல வண்டி எடுக்கப் போறப்ப, எல்லாத்தையும் அரைத் திருகு தளத்தி வெச்சிட்டுப் போவேன்," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "நீ ஆஸ்பத்திரிலேந்து வந்த நாள்லேந்து."

எனக்கு ஒரு பழைய சண்டை ஞாபகம் வந்தது. ஒரு முறை, மாத மளிகை வாங்கி வைத்த மறுநாளே, அவர் தங்கை வீட்டு விசேஷத்துக்காகத் திருத்தணியில் இரண்டு நாள் தங்கிவிட்டார். அந்த இரண்டு நாளும் வீட்டில் ஊறுகாய் பாட்டில் திறக்கவில்லை, எண்ணெய் டப்பா திறக்கவில்லை, பருப்பு டப்பா திறக்கவில்லை. நான் நேராக மளிகைக் கடைக்குப் போய், "என்னாயா சரக்கு விக்கிறே, மூடி ஒண்ணும் தொறக்க மாட்டேங்குது!" என்று சத்தம் போட்டேன். கடைக்காரர் என் கையிலிருந்து வாங்கி ஒரே திருகில் திறந்து கொடுத்துவிட்டுப் பாவமாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்கும் சேர்த்துத் திட்டிவிட்டு வந்தேன்.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். "யோவ், இத்தினி நாளா என்னை ஏமாத்திக்கினு இருந்தியா?" என்று கத்தினேன். நோட்டை அவர் மேலேயே வீசினேன். பிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்து, டப்பா டப்பாவாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லா மூடியும் அரைத் திருகு தளர்ந்திருந்தது. அழுகை வந்தது. பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று இருந்தது. சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேனா என்றும் இருந்தது.

அன்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இடது கையால்தான். இரண்டரைப் பக்கம் வந்தது.

"எனக்கு ஒண்ணும் வேணாம், வை!"

மனு போட்டு நாட்கள் ஓடின. கடைசித் தேதி நெருங்கியது. திங்கட்கிழமை ரேஷன் கடை வரிசையில் நிற்கிறேன், தெரியாத எண்ணிலிருந்து போன். எனக்குத் தெரியாத எண் என்றால் லோன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று கேட்கிறவர்கள்தான். வெட்டிவிட்டேன். மறுபடி வந்தது. வெட்டினேன். மூன்றாவது முறை எடுத்து, "வேற வேலையே இல்லியா? எனக்கு ஒண்ணும் வேணாம், வை!" என்று வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

ஐந்து நிமிடத்தில் மும்தாஜ் கூப்பிட்டாள். வரிசை முழுக்கக் கேட்கும் குரல்.

"அக்கா, நீ இப்ப யாரைத் திட்டினே தெரியுமா?"

"யாரையோ."

"மாவட்ட ஆபீஸ் மேடத்தை! மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டிருக்காங்க. புதன்கிழம காலைல பத்து மணி. நல்லவேள என் நம்பரையும் போட்டு வெச்சேன். இல்லனா அடுத்த முகாம்தான்."

புதன் பரிசோதனை, வெள்ளி கடைசி நாள். சர்க்கரையை வாங்காமலேயே வீட்டுக்கு ஓடினேன். அந்த மேடத்துக்கு அப்புறம் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா, தெனம் நாலு பேர் திட்டுவாங்க," என்றார். தங்கமான மனுஷி.

முடியாது சார்

புதன்கிழமை பட்டாபிராமில் திருவள்ளூர் வண்டி ஏறியபோது ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தேன். ஏழுமலை லீவ் போட்டுவிட்டுக் கூட வந்தார்.

அதே டாக்டர். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"சடை பின்னின அம்மாதானே? இன்னைக்கும் பின்னுவீங்களா?"

சத்தியமாகச் சொல்கிறேன், கை தானாகக் கொண்டைக்குப் போயிற்று. பாதி வழியில் அதை இறக்கினேன்.

"பின்னுவேன் சார். ஆனா பின்னினா கொஞ்ச நேரத்துலயே அந்தக் கை ஓஞ்சிடும், அன்னிக்குப் பூரா எதுக்கும் ஒதவாது. போன தடவ அதைச் சொல்லல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஃபைலைப் புரட்டினார். டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, நரம்பு டெஸ்ட் எல்லாம் வரிசையாக இருந்தன. நோட்டின் இரண்டரைப் பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். பிறகு மேசையில் இருந்த புதுத் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

"இதைத் திறங்க."

பிடித்துத் திருகினேன். வழுக்கியது. பல்லால் கடித்துத் திறந்துவிடலாம், எனக்கு அந்த வித்தை தெரியும். பல் துறுதுறுத்தது. என் வாழ்க்கையில் எந்த ட்ரையலிலும் சொல்லாத வார்த்தை அது. ரயில் ஏறியதிலிருந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"முடியாது சார்," என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

ஏழுமலை எழுந்து பாட்டிலை எடுக்க வந்தார். டாக்டர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கி, நீட்டி, ஒரு கருவி வைத்து அளந்தார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். அந்தக் கையை அத்தனை நேரம் இன்னொருத்தர் பார்க்க நான் விட்டது அதுதான் முதல் தடவை.

நாற்பத்திரண்டு.

எழுத்திலும் எண்ணிலும் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்கள். வெளியே வந்து நான் போட்ட சத்தத்தில் மரத்தடியில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. வண்டி பிடிக்க ஓட்டமும் நடையுமாக வந்தோம். "மெதுவா போமே," என்று ஏழுமலை பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தார். நாற்பத்தெட்டு வயதில் ப்ளாட்பாரத்தில் ஓடிய அந்த ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன்.

வியாழன் முழுக்க மும்தாஜ் கடையில் என் விண்ணப்பம் ஏறாமல் சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் திரையைப் பார்த்துத் துஆ ஓத, நான் மாங்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கொள்ள, நான்கு மணிக்குத் திரையில் பச்சை டிக் விழுந்தது. கடைசித் தேதிக்கு ஒரு நாள் மிச்சம் வைத்து! இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் பயந்துவிட்டார்கள்.

அந்தக் கடைக்கு மூன்று பேர் விண்ணப்பித்திருந்தோம். எல்லாத் தாளும் சரியாக இருந்தது என்னுடையதில் மட்டும்தான் என்று பிறகு தெரிந்தது. ஒருவருக்கு வருமானச் சான்று இல்லாமல் திரும்பியிருந்தது. அவரைத் தேடிப் பிடித்து மும்தாஜிடம் அனுப்பி வைத்தேன். அவருக்கும் இப்போது வேறொரு இடத்தில் கடை கிடைத்துவிட்டது.

பன்னிரண்டு பாட்டில்

கடை திறந்த காலை. நீல ஷட்டரை ஏழுமலை தூக்கினார். பன்னிரண்டு கண்ணாடி பாட்டில்கள் பலகையில் வரிசையாக நின்றன. கடலை மிட்டாய் வாசனையும் ஊதுபத்தி வாசனையும் கலந்து மூக்கைத் துளைத்தன.

வேன் எடுக்க அவருக்கு நேரமாகிவிட்டது. இருந்தாலும் ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து அரைத் திருகு தளர்த்தி வைத்தார். இந்த முறை நான் தூங்கும்போது அடுப்படியில் திருட்டுத்தனமாக இல்லை, பஸ் நிறுத்தத்தில் நிற்கிற அத்தனை பேரும் பார்க்க. நான் கல்லாவில் உட்கார்ந்து, வலது கையை மேசை மேல் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கர்ச்சீப் சுற்றவில்லை.

முடித்துவிட்டுக் கிளம்பினார். சாலையைக் கடக்கப் போனவரை நான் போட்ட சத்தம் நிறுத்தியது.

"யோவ்! எள்ளுருண்டையை வுட்டுட்டுப் போறியே! அதை யாரு தொறப்பா? என்னால முடியாது, வந்து தொறந்து வெச்சிட்டுப் போ!"